பாப்பா சொன்னது நிஜம்தான்

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உனக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எப்படியும் அது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ராத்திரி முழுக்க மனதில் அதுதான் ஓடியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பாவின் அம்மாவையும் படிக்கச் சொல்.

"விரல்ல ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தா 97 காட்டுதுக்கா. ஆனா இவ, மூச்சு உள்ள போறதுக்கு இடமே இல்லப்பான்னு அழறா. நிஜமாவே முடியலையா, இல்ல ஸ்கூலுக்குப் போகாம இருக்கறதுக்காகச் சொல்றாளா?" என்று கேட்டாய்.

நிஜம்தான்டா. ஏழு வயதுப் பிள்ளை அதைச் சொன்ன விதம் என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது. இத்தனை வருஷமாக இழுப்போடு வாழ்கிற நானும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆஸ்துமா என்றால் காற்று உள்ளே போகாத வியாதி என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் பெரிய தொல்லை வெளியே விடுவதில். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை சுருங்குகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி கெட்டியாகி அடைக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் அந்தக் குழாய்களும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விடும்போது குறுகிவிடும். இழுத்த காற்று முழுக்க வெளியே போவதற்குள் அடுத்த மூச்சுக்கு நேரம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் மிச்சம் தங்கித் தங்கி நெஞ்சு பழைய காற்றாலேயே நிரம்பிப்போகிறது. அதற்கு மேல் புதுக்காற்றை இழுக்க இடம் ஏது? அதைத்தான் பாப்பா சொல்லியிருக்கிறாள். இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்று ஒரு மருத்துவர், தானே ஆஸ்துமாக்காரர், 1698-இல் இந்த நோயைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மூச்சை விடுவதில்தான் கஷ்டம் என்று அவரும் கவனித்திருந்தார். தனக்கு நடப்பதை உற்றுப் பார்த்துச் சொன்னதால் கிடைத்த அறிவு அது. நம் வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

ஒன்று செய்து பார். முடிந்த மட்டும் மூச்சை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொள். அதில் கொஞ்சமே கொஞ்சம் விட்டுவிட்டு, அதன் மேலேயே மறுபடி இழு. முழுசாக விடாதே. அப்படியே மேலுக்கு மேல் சின்னச் சின்ன மூச்சாக எடுத்துக்கொண்டு உங்கள் குடியிருப்பின் மாடிப்படி ஏறு. முதல் மாடி தாண்டுவதற்குள் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், கழுத்துத் தசை இறுகும், 'போதும், விட்டுவிடு' என்று உடம்பு கெஞ்சும். நீ நினைத்த மாத்திரத்தில் ஊதி விட்டுவிடலாம். அவளால் முடியாது. அந்த நிலையில்தான் அவள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த 97-உம் பொய் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. அந்த 97-ஐக் காப்பாற்ற அந்தச் சின்ன நெஞ்சு என்ன பாடு படுகிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆஸ்துமாவில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் தாமதமாகத்தான் இறங்கும். எண் இறங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது ஆபத்து.

எனக்கு எப்படி வரும் என்று சொல்கிறேன். இதுவரை நம் வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் விவரமாகச் சொன்னதில்லை. முதலில் வருவது மூச்சுத்திணறலே இல்லை. முகவாய்க்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் ஒரு அரிப்பு. சொறிந்தாலும் அடங்காது. அப்புறம் கொட்டாவி வரும். ஆனால் அது நிறைவாக முடியாமல் பாதியில் நின்றுவிடும். பெருமூச்சு விடலாம் என்றால் அதுவும் அப்படித்தான். இந்தக் கட்டத்தில் என்னைப் பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே இருப்பேன். பிறகு நெஞ்சைச் சுற்றி இறுக்கம். அதற்கும் பிறகுதான் உழைப்பு: தானாக நடக்க வேண்டிய மூச்சை நான் ஒவ்வொன்றாக இழுத்து விட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது பசி. காற்றுக்கான பசி. அந்த நேரத்தில் வீடு, பிள்ளைகள், கடவுள் எதுவும் நினைவில் இருக்காது. அடுத்த மூச்சு, அது மட்டும்தான்.

இறுக்கம், உழைப்பு, காற்றுப்பசி என்று நான் பிரித்துச் சொன்னதை மருத்துவர்களும் தனித்தனி உணர்வுகளாகத்தான் பார்க்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அமெரிக்க நெஞ்சகச் சங்கம் (American Thoracic Society) 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த மூன்றையும் வேறுவேறாகச் சொல்லியிருக்கிறது. 2002-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, மூச்சு விடும் வேலையை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். உழைப்பு குறைந்தது என்றார்கள் நோயாளிகள். இறுக்கம் மட்டும் குறையவில்லை. அதாவது அந்த இறுக்கம் களைத்துப்போன தசையிலிருந்து வருவதில்லை, சுருங்கிய குழாயே அனுப்புகிற செய்தி. ஆகவே பாப்பா ஓடாமல் ஆடாமல் சோபாவில் உட்கார்ந்துகொண்டு "நெஞ்சு டைட்டா இருக்கு" என்றால், "சும்மாதானே உக்காந்திருக்க?" என்று கேட்காதே. சும்மா இருந்தாலும் இறுக்கும்.

நான் வழக்கமாகப் போகிற நெஞ்சக மருத்துவரின் கிளினிக்கில் காத்திருக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்க வேண்டும் நீ. நெல் மூட்டை தூக்குகிற ஒருவர், "மூட்டைய இறக்கி வெச்ச பிறகும் மூட்டை இறங்கல டாக்டர்" என்றார். பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி, "காத்து எல்லாருக்கும் அடிக்குது, எனக்கு மட்டும் பத்தல" என்றாள். இன்னொரு பாட்டிக்கு, "மேல ஏறுறது கீழ எறங்க மாட்டேங்குது". காலேஜ் படிக்கிற பையன் ஒருவனுக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லையாம், தொண்டையை யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கிறதாம். இத்தனையும் ஒரே நோய். உள்ளே போனதும் இதையெல்லாம் விட்டுவிட்டு, "வீசிங் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். டாக்டருக்கு நேரமில்லை என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு எழுந்துபோய், "வெளியே சொன்னதைச் சொல்லுங்கம்மா" என்று சொல்ல வேண்டும்போல இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. கறுப்பின ஆஸ்துமாக்காரர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் ஒரே அளவில் மூச்சுக்குழாயைச் சுருங்கவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கறுப்பினத்தவர் பெரும்பாலும் தொண்டை இறுகுகிறது, தொண்டை அரிக்கிறது, குரல் அடைக்கிறது, பயமாக இருக்கிறது என்றார்கள். வெள்ளையர்கள் ஆழமாக மூச்செடுக்க வேண்டியிருக்கிறது, காற்று தீர்ந்துவிட்டது, தலை லேசாகிறது, மூச்சு விட்டால் வலிக்கிறது என்றார்கள். குழாய் சுருங்கியதோ ஒரே அளவு. நெஞ்சைப் பற்றி மட்டும் கேட்கப் பழகிய மருத்துவர், தொண்டையைக் காட்டுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பட்ட பயங்கரம். நம்மூரில் என்ன குறைச்சல்? எனக்குச் சின்ன வயதில் சளி என்றார்கள், ஈசினோபிலியா என்றார்கள், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்கள். ஆஸ்துமா என்ற பெயர் வந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று அதை வாயில் எடுக்கவே பயந்தார்கள். அந்தப் பயத்தில் நல்ல மருந்து என் கைக்கு வர எத்தனையோ வருஷம் தாமதமானது. பாப்பா விஷயத்தில் அது நடக்கக் கூடாது. பெயரைச் சொல்லுங்கள். ஸ்கூலில் சொல்லுங்கள், மாமியார் வீட்டில் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சொல்வது இன்னும் வேறு மாதிரி இருக்கும். வயிறு வலிக்குது என்பார்கள். இருமி இருமித் தசை வலிப்பதை வயிற்றுவலி என்று சொல்கிறதுகள். சிலது ஒன்றுமே சொல்லாது. விளையாட்டிலிருந்து மெல்ல ஒதுங்கிப் போய் ஓரமாக உட்காரும். அம்மா அதைத்தான் பார்த்தாள். வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்குப் போனால் எல்லாப் பிள்ளைகளும் முன்னால் ஓட, நான் மட்டும் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை என்று.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு அதிக பயம். திணறலே தெரியாதவர்கள். பெரியப்பாவை நினைத்துப் பார். என்றைக்காவது முடியவில்லை என்று சொல்லியிருக்கிறாரா? "ஒண்ணுமில்ல, லேசா இரைக்குது" என்பார். ஆனால் குளத்துக்குப் போவதை விட்டார், மாடியில் படுப்பதை விட்டார், கடைசியில் திண்ணையை விட்டு இறங்குவதையே விட்டுவிட்டார். மூச்சு குறையக் குறைய வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு, தனக்குத் திணறல் இல்லை என்று நம்பினார். 1994-இல் ஜப்பானிய மருத்துவர்கள், ஆஸ்துமாவில் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சை நெரித்தாலும் மற்றவர்கள் அளவுக்கு அவர்களுக்குத் திணறல் தெரியவில்லை. ஆக்சிஜன் குறைந்தாலும் உடம்பு மந்தமாகத்தான் எச்சரித்தது. அதனால் உணர்வை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. ஊதும் வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும், விலையும் பெரிசில்லை. நன்றாக இருக்கிற நாட்களில் அவள் ஊதுகிற அதிகபட்ச எண்ணைக் குறித்துவை. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கவனம், 50-க்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரி. ஆக, எண்ணும் வேண்டும், அவள் பேச்சும் வேண்டும். எண் நன்றாக இருக்கிறது என்று அவள் பேச்சைத் தள்ளிவிடாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று எண்ணையும் விட்டுவிடாதே.

விசில் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இப்ப உய்-உய்னு சத்தமே இல்லக்கா, பரவால்ல" என்று போன வாரம் சொன்னாய். சத்தம் குறைந்து, பிள்ளை தெளிவாக, விளையாட்டாக இருந்தால் நல்லது. சத்தமும் நின்று, பிள்ளையும் சோர்ந்து, விலாவெலும்பு நடுவே தோல் உள்ளே குழிந்தால், அது காற்றே ஓடாததால் வந்த அமைதி. அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே. அதேபோல அவள் எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள் என்று பார். ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினால் கடுமை. ஒற்றை வார்த்தைக்கு வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடு. மிகக் கஷ்டமான நேரத்தில்தான் எங்களால் எதையும் விவரிக்க முடியாது, அதை மறக்காதே. அந்த நேரத்தில் "எப்படிம்மா இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், பதில் சொல்ல ஒரு மூச்சு செலவாகும். அது எங்களிடம் இருக்காது.

அம்மா கேட்க மாட்டாள். பின்னிரவு மூன்று, நாலு மணிக்குத்தான் எனக்கு வரும். மூச்சுக்குழாய் இயல்பாகவே மிகக் குறுகியிருக்கிற நேரம் அது. அவள் விளக்கைப் போடுவாள், என்னைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்காரவைப்பாள், எதிரே முக்காலியைப் போட்டு அதன்மேல் இரண்டு தலையணை அடுக்குவாள். முழங்கையை அதில் ஊன்றிக் குனிந்தால் தோள் தசையெல்லாம் மூச்சுக்கு உதவிக்கு வரும். படுக்கச் சொல்ல மாட்டாள். முதுகில் தட்டவும் மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மெதுவாக மூச்சு விடுவாள், நான் கேட்கும்படியாக, விடுவதை மட்டும் நீட்டி. நானும் கூடவே விடுவேன். பயத்தில் வேகவேகமாக இழுத்தால் விடுகிற நேரம் குறைந்து இன்னும் காற்று சிக்கிக்கொள்ளும் என்கிற கணக்கு அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. ஆஸ்துமா வெறும் பயம் இல்லை. திணறலினால்தான் பயம் வருகிறது. வந்த பயம் அதைக் கூட்டிவிடுகிறது. ரோமில் செனெகா தன் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய கடிதங்களில் 54-ஆவது கடிதத்தில் தனக்கு வரும் மூச்சுத்திணறலைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் அதைச் சாவதற்குப் பயிற்சி என்ற பொருளில் அழைத்தார்களாம். ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தைய மனிதர்; ஆனாலும் அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தப் பயம் கற்பனை இல்லை. "பயப்படாதே" என்று சொல்லாதே, பக்கத்தில் இரு.

மருந்து விஷயத்தில் நீ தயங்குகிறாய் என்று பாப்பாவின் அம்மா சொன்னாள். இன்ஹேலர் பழகிவிடும், ஸ்டீராய்டு, சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். பழகுவது மருந்து இல்லை, நோய்தான் தங்கியிருக்கிறது. இன்ஹேலரில் போகிற ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. முற்றவிட்டு மாத்திரையும் ஊசியுமாகக் கொடுத்தால் மில்லிகிராம் கணக்கு. உடனே ஆறுதல் தருகிற மருந்து தசையை மட்டும் தளர்த்தும், உள்வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் வைத்துக் காலம் தள்ளக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019-இல் மாற்றி எழுதப்பட்டது. டாக்டர் தினமும் போடச் சொன்னதை, நன்றாக இருக்கிறாள் என்பதற்காக நிறுத்தாதே. ஸ்பேசர் குழலை மாட்டிப் போடு, போட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல். ஹைதராபாத் மீன் மருந்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று மாமா கிளம்பினால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடு. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அவள் தூங்குகிற அறையில் வேண்டாம். போகியன்று அவளை இங்கே அனுப்பிவிடு. எங்கள் தெருவிலும் கொளுத்துவார்கள்தான், ஆனால் உங்கள் சென்னை அளவுக்கு இல்லை.

ஸ்கூலில் வகுப்பு டீச்சரைப் பார்த்துப் பேசு. இன்ஹேலர் அவள் பையில் இருக்க வேண்டும், ஆபீஸ் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டினால் பயனில்லை. பி.டி. வகுப்பிலிருந்து விலக்கு கேட்காதே. ஓடட்டும், வேண்டும் என்றால் நின்று கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு நோட்டு வாங்கிக் கொடு. "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டால் பிள்ளை ஆமாம், இல்லை என்றுதான் சொல்லும். "எங்கே, எப்படி இருக்கு?" என்று நன்றாக இருக்கிற நேரத்தில் கேள். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே அதில் எழுதிவை, பக்கத்தில் அன்றைய பீக் ஃப்ளோ எண்ணையும் எழுது. எந்தப் பேச்சு எந்த எண்ணோடு வருகிறது என்று கொஞ்ச நாளில் உனக்கே பிடிபடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "பிரீத்திங் டிஃபிகல்ட்டி டாக்டர்" என்று நீ முந்திக்கொள்ளாதே. நோட்டை எடுத்துக்கொண்டு போ, பாப்பாவைப் பேச விடு.

இப்படிக்கு,
உன் அக்கா